மாடித்தோட்டம்: கத்திரி வெயிலில் தினசரி வேலை, தண்ணீர், பறிப்பு (கேள்வி பதில் இழை)

மாடிப்பந்தல் | மே 5, காலை 8.10

கத்திரி தொடங்கிவிட்டது, 28 வரை விடாது. "செடி வாடுது", "பூ கொட்டுது", "பிஞ்சு அழுகுது" என்று ஆளுக்கொரு இழை தொடங்காமல் எல்லாவற்றையும் இங்கேயே கேளுங்கள். கேட்கும்போது ஊர், செடிப்பையின் (grow bag) அளவு, மண்கலவை, எத்தனை மணி நேர வெயில், என்ன தண்ணீர் (போரா, குழாய்த் தண்ணீரா) ஆகிய ஐந்தையும் சொல்லிவிடுங்கள். இவை இல்லாமல் பதில் சொல்வது குருட்டாம்போக்கு.

காலை வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பறிப்பு, அப்புறம் இலையடி பார்ப்பது, கடைசியில் தண்ணீர். தண்ணீரை முதலில் ஊற்றினால் ஈர இலைக்குள் கையை விட்டுப் பறிக்க வேண்டிவரும். ஒரு செடியின் இலைப்புள்ளி நோய் அடுத்த செடிக்குப் போக அதுவே சுலபமான வழி. பறிப்பு ஏழு மணிக்குள் முடிய வேண்டும். அப்போதுதான் காயில் இரவு ஏறிய நீர் முழுதாக இருக்கும். பத்து மணிக்குப் பறித்த கீரை சமையல்கட்டுக்கு வருவதற்குள் தொங்கிவிடும்.

மருந்து தெளிப்பு எதுவானாலும் மாலை 5.30-க்கு மேல்தான். உச்சி வெயிலில் மாடிக்குப் போகவே வேண்டாம், செடிக்கும் அதுதான் நல்லது.

புதுப்பை | மே 5, காலை 9.25

சென்னை, 12க்கு 12 அங்குலப் பை, செம்மண் + தேங்காய் நார்க்கழிவு + மண்புழு உரம், முழு வெயில், போர் தண்ணீர். வெண்டை, கத்தரி, சுரை இருக்கு. மதியம் 1 மணிக்கு சுரை இலை எல்லாம் குடை மடங்கின மாதிரி தொங்குது. உடனே தண்ணி விடணுமா? ஒரு பைக்கு எவ்வளவு லிட்டர்?

சொட்டுநீர் | மே 5, பகல் 12.40

உடனே விட வேண்டாம். சுரை, பூசணி, பீர்க்கு இலைகள் அகலமானவை. உச்சிவேளையில் வேர் இழுக்கிற நீரைவிட இலை விடுகிற நீர் அதிகம், அதனால் தொங்கும். மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் ஒன்றும் குறையில்லை. விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போது காரணம் இரண்டில் ஒன்று: மண் காய்ந்திருக்கும், இல்லாவிட்டால் நீர் தேங்கி வேர் அழுகியிருக்கும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் செடி வாடினால் இன்னும் தண்ணீர் ஊற்றுவது கொலை.

அளவு: 12க்கு 12 பையில் ஏறக்குறைய 20 லிட்டர் கலவை பிடிக்கும். காய்க்கிற வெண்டை, கத்தரிக்குக் காலையில் 2 லிட்டர் கொடுங்கள். மாலையில் விரல் வைத்துப் பார்த்து மேலாக இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் இன்னொரு லிட்டர். நாற்றுக்கும் சின்னச் செடிக்கும் அரை லிட்டர் போதும்.

அதை எப்படி ஊற்றுகிறோம் என்பது அளவைவிட முக்கியம். நார்க்கழிவு ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை வாங்காது. ஊற்றியது பையின் ஓரத்து இடுக்கு வழியாக ஓடி அடித்துளையில் வந்துவிடும். நாமும் "வடிஞ்சிடுச்சு, போதும்" என்று நினைத்துக்கொள்வோம். உள்ளே வேர்ப்பந்து பொடியாகக் காய்ந்தபடியே இருக்கும். ஆகவே முதலில் கால் லிட்டர் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, மீதியை இரண்டு தடவையாக ஊற்றவும். ரொம்பக் காய்ந்த பையை ஒரு அகலத் தொட்டித் தண்ணீரில் அரைமணி நேரம் உட்கார வைத்து எடுத்தால் அடியிலிருந்து ஊறிவிடும்.

இன்னொன்று: சுரைக்கு 12க்கு 12 போதவே போதாது. குறைந்தது 18 அங்குலப் பை, முடிந்தால் பாதியாக வெட்டிய டிரம். சின்னப் பையில் சுரை வைத்தால் கத்திரி முழுக்கத் தண்ணீர்ப் போராட்டம்தான்.

கரிசல்மண் | மே 5, மாலை 6.15

அண்ணன் சொன்னதில் இரண்டைச் சேர்க்கிறேன்.

கறுப்புத் தொட்டியில் நாளெல்லாம் நின்ற தண்ணீரும், வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் இருக்கிற தண்ணீரும் மாலை நான்கு மணிக்குக் கை வைக்க முடியாத சூடு. முதல் ஒன்றிரண்டு வாளியைப் பிடித்துத் தனியே வையுங்கள். பைப்பில் வருவது கைக்கு இதமாக ஆன பிறகுதான் செடிப்பக்கம் கொண்டுபோக வேண்டும். பிடித்து வைத்தது ஆறிய பிறகு அதையும் ஊற்றலாம்.

அடுத்து தரை. காங்கிரீட் தளம் பையின் அடியை வேக வைக்கிறது. பையைத் தளத்தில் நேராக வைக்காமல் மூன்று செங்கல் மேலோ இரும்பு ஸ்டாண்டு மேலோ வைத்தால் அடியில் காற்று ஓடும், வடிகாலும் அடைபடாது. மேற்குப் பக்கம் நிற்கிற பைகளுக்குப் பிற்பகல் வெயில் பக்கவாட்டில் விழும். அந்த வரிசைக்கு முன்னால் காலிப் பைகளையோ பழைய சாக்கையோ மறைப்பாக நிறுத்துங்கள். வேர் தப்பித்தால் இலை தானாக வரும்.

மூடாக்கு இல்லாத பை ஒன்றுகூட இருக்கக் கூடாது. வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த வேப்பிலை, தேங்காய் மட்டையின் நார், எது கிடைத்தாலும் இரண்டு அங்குலம். தண்டைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுப் போடவும். தண்டை ஒட்டி ஈரம் நின்றால் கழுத்தழுகல் வரும். வைக்கோலை நறுக்கிப் போட்டால் தண்ணீர் நேராக மண்ணுக்குள் இறங்கும்.

புதுப்பை | மே 5, இரவு 8.50

நன்றி சார். பையின் மேல் ஓரத்துல வெள்ளையா உப்பு மாதிரி படிஞ்சிருக்கு. அது போர் தண்ணியாலயா? ஆர்.ஓ. மெஷின்ல வீணாப் போற தண்ணியைக் கலக்கலாமா?

சொட்டுநீர் | மே 5, இரவு 9.20

போர் தண்ணீரின் உப்புதான். தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. இலை நுனியும் ஓரமும் கருகினால் உப்பு வேருக்கு எட்டிவிட்டது என்று பொருள். மேலே படிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, 15 நாளுக்கு ஒருமுறை வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். அன்று மட்டும் மழைநீரோ குழாய்த் தண்ணீரோ கிடைத்தால் நல்லது. கழுவிய மறுநாள் கொஞ்சம் மண்புழு உரம் வைக்க வேண்டும், சத்தும் சேர்ந்து போயிருக்கும்.

ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம். போர் தண்ணீரோடு கலப்பது உப்பில் உப்பு சேர்ப்பதுதான். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் அப்படியல்ல, அதில் உப்பே கிடையாது. தாராளமாகப் பிடித்து ஊற்றலாம்.

கீரைக்கட்டு | மே 6, காலை 7.05

நிழல்வலை பற்றி யாரும் பேசவில்லையே. கடையில் 75 சதவீத (அதாவது வெயிலில் அவ்வளவு பங்கைத் தடுக்கிற) வலையைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். அது நர்சரிக்கு. கீரைக்கும் நாற்றுக்கும் 50 சதவீதம். கத்தரி, மிளகாய், தக்காளிக்கு 35 போதும், கிடைக்காவிட்டால் 50. வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, பந்தல் கொடிகள் எதற்கும் வலை வேண்டாம். வெண்டையை வலைக்கடியில் வைத்தால் ஆள் உயரம் வளரும், காய் இருக்காது.

வலையைத் தலைக்கு மேல் ஏழெட்டு அடி உயரத்தில் கட்டவும். தாழக் கட்டினால் அனல் உள்ளேயே நிற்கும். ஜூன் இரண்டாம் வாரம் கழற்றிவிடலாம். அப்படியே விட்டால் ஆடிக்காற்று கம்பியோடு சேர்த்துக் கொண்டுபோகும்.

கோடைக்கான கீரை: தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, புளிச்சக்கீரை. பாலக்கும் கொத்தமல்லியும் இப்போது வீண்வேலை. கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடும். சிறுகீரையை விதைத்து 25 நாளில் வேரோடு பிடுங்குங்கள். அரைக்கீரையை இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் பத்து நாளைக்கு ஒருமுறை துளிர்க்கும். அறுத்த அன்றே உரக்கரைசல் விடாமல் இரண்டு நாள் கழித்து விடுங்கள்.

வெயில்கால_தக்காளி | மே 7, காலை 10.30

மதுரை. தக்காளி கொத்துக் கொத்தா பூக்குது, ஒண்ணுகூட நிக்கல. எல்லாம் காம்போட உதிருது. தேமோர்க் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வெச்சது) வாரம் ரெண்டு தடவை அடிக்கிறேன். அளவு கூட்டணுமா?

மாடிப்பந்தல் | மே 7, காலை 11.15

கூட்ட வேண்டாம், நிறுத்தினாலும் நஷ்டமில்லை. தேமோர் வளர்ச்சிக்கு உதவலாம், வெயிலைக் குறைக்காது. பகல் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் செத்துவிடுகிறது. சூல் பிடிக்காத பூவைச் செடி கழற்றி விடுகிறது. மதுரையிலும் சென்னையிலும் மே மாத இரவுகள் அதைவிடச் சூடு. எந்தக் கரைசலாலும் இதை மாற்ற முடியாது.

செய்யக்கூடியது: நிழல்வலைக்குள் கொண்டுவாருங்கள். காலை 8 மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெதுவாகச் சுண்டுங்கள். தழைச்சத்துள்ள பிண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள். செடி வயதானதாக இருந்தால் நோயில்லாத பக்கக்கிளைகளை வைத்துக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடலாம். ஒரு கோடைமழை வந்து நாலு நாள் இரவு குளிர்ந்தால் தானாகப் பிடிக்கும். இல்லையென்றால் ஜூலைவரை பொறுக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே காய்த்திருப்பது சிவக்காமல் மஞ்சளாகவே நின்றாலும் வெயில்தான் காரணம். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறம் சரியாக ஏறாது. அடியில் லேசாக நிறம் திரும்பியதும் பறித்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள், நான்கைந்து நாளில் சிவந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுக்காது.

கரிசல்மண் | மே 7, மாலை 5.00

தேமோர் விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். மிளகாயிலும் கத்தரியிலும் பூ நிற்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவற்றுக்குத் தக்காளியைவிடச் சூடு தாங்கும் தன்மை உண்டு என்பதும் உண்மை. காரணம் கரைசலா செடியா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

தக்காளியின் அடி கறுத்துத் தோல்போல ஆவதையும் சொல்லிவிடுகிறேன். அது பூச்சியோ பூஞ்சையோ இல்லை. ஒருநாள் காயப்போட்டு மறுநாள் கொட்டுவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு ஏறாமல் போவது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் அது கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. தண்ணீரைச் சீராக்கினாலே அடுத்த கொத்து சரியாக வரும்.

பந்தல்கொடி | மே 8, காலை 6.50

பாகல், பீர்க்கு, சுரை மூணும் பந்தல்ல. ஆண் பூ நிறைய, பெண் பூ குறைச்சல். வர்ற பிஞ்சும் மஞ்சளாகி விழுது. சிலதில் உள்ளே புழு. கையால மகரந்தம் தடவியும் நிக்கல.

மாடிப்பந்தல் | மே 8, காலை 8.30

எத்தனை மணிக்குத் தடவுகிறீர்கள்? பலர் எல்லாக் கொடிக்கும் காலையிலேயே தடவுகிறார்கள். பூ விரிகிற நேரம் கொடிக்குக் கொடி வேறு. பூசணி, வெள்ளரி, பாகல், நுரைப்பீர்க்கு விடியற்காலையில் விரியும். எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பீர்க்கும் சுரையும் மாலை ஐந்துக்கு மேல் விரியும், ஏழு மணிக்குள் தடவலாம். புடலை இருட்டத் தொடங்கும்போதுதான் தன் நூல்நூலான வெள்ளைப் பூவை அவிழ்க்கும். காலையில் பீர்க்கம்பூவைத் தடவினால் அது முந்தின மாலையே முடிந்துபோன பூ.

அன்று விரிந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழை மடக்கி, பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி தேய்க்கவும். மகரந்தம் விரலில் மஞ்சள் தூளாக ஒட்டினால்தான் அது உயிருள்ளது. ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ வைத்துக்கொண்டால் நிச்சயம்.

பெண் பூ குறைவு என்பதற்கு நீண்ட பகலும் சூடும் ஒரு காரணம், அதிகத் தழைச்சத்து இன்னொன்று. சுரையில் பெண் பூ பக்கக்கிளையில்தான் அதிகம் வரும். கொடி பந்தல் ஏறியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை பிரியும். பந்தலுக்குக் கீழே தண்டில் வருகிற கிளைகளை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

புழு பழ ஈயின் வேலை. பிஞ்சின் தோலில் ஊசி குத்தினதுபோல் ஒரு புள்ளி, அதில் பிசின் சொட்டு, காய் அந்தப் பக்கமாக வளைந்திருக்கும். முட்டை உள்ளே போன பிறகு எந்தத் தெளிப்பும் எட்டாது. பிஞ்சு கட்டைவிரல் அளவு வந்ததுமே வலைத்துணிப் பையோ காகித உறையோ மாட்டிக் காம்பில் கட்டுங்கள். பொறி வாங்கினால் கொடிக்காய்க்கு உரிய கியூ லூர் (ஈயை இழுக்கிற வாசனைப் பொருள்) என்று கேட்டு வாங்க வேண்டும். மாம்பழத்துக்கு விற்கிற மெத்தில் யூஜினால் பொறிக்கு இந்த ஈ வராது. கியூ லூரிலும் ஆண் ஈ மட்டுமே விழும், அதனால் பொறியை நம்பி உறையை விட்டுவிட வேண்டாம். விழுந்த பிஞ்சை உரக்குழியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டால் வெந்துவிடும்.

காரமிளகாய் | மே 9, மாலை 4.40

மிளகாய் இலை சுருளுது, படம் போட்டிருக்கேன். வேப்பெண்ணெய் அடிச்சும் போகல. எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) போடலாமா?

கரிசல்மண் | மே 9, மாலை 6.05

எப்சத்துக்கும் சுருளுக்கும் சம்பந்தமில்லை தம்பி. எந்தப் பக்கம் சுருளுகிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கி மடங்கிப் படகுபோல் ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, இலைக்காம்பு நீண்டு, கொழுந்து குறுகினால் மஞ்சள் சிலந்திப்பேன். மடங்குவதோடு இலை சின்னதாகி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வைரஸ், பிடுங்கி எறிவதுதான் வழி.

இலைப்பேனுக்கு: பூவையும் கொழுந்தையும் வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள், கோடு போன்ற பூச்சி ஓடும். காலையில் ஹோஸ் தண்ணீரை இலையடியில் வேகமாகப் பீய்ச்சுவது பாதி வேலையை முடிக்கும். மூன்று நாள் விடாமல் செய்துவிட்டு, மாலையில் வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி, தண்ணீர் 1 லிட்டர். எண்ணெயையும் சோப்பையும் முதலில் குழைத்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். பால்போல் வர வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் இலை கருகும். வாடிய செடியில் அடிக்கவே கூடாது, காலையில் தண்ணீர் குடித்த செடிக்கு மட்டும்.

சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கிற கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் என்பார்கள். வேலை செய்யும், ஆனால் 32 டிகிரிக்கு மேல் இலையைப் பொசுக்கும். கத்திரியில் அதைத் தொடாமல் இருப்பதே மேல். வேப்பெண்ணெய் அடித்த மூன்று வாரத்துக்குள் கந்தகம் அடிக்கவே கூடாது. கொடிக்காய்ச் செடிகளுக்குக் கந்தகமே ஆகாது.

வெண்டைப்பூ | மே 10, காலை 7.20

எந்தக் காயை எப்போ பறிக்கணும்னு யாராவது ஒரே இடத்துல எழுதுங்களேன்.

கீரைக்கட்டு | மே 10, காலை 9.00

எழுதுகிறேன். பறிக்காமல் விட்டால் இழப்பு அந்த ஒரு காயோடு நிற்காது. முற்றிய காயில் விதை பிடித்ததும் செடி தன் வேலை முடிந்ததென்று புதுப் பூவைக் குறைத்துவிடும்.

வெண்டை: பூத்து ஆறேழு நாள். இந்த வெயிலில் அதற்கு மேல் ஒருநாள் கடந்தாலும் நார். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம். கடைக்காரர் முறைக்க நாம் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அந்தச் சோதனை செடியில் வேண்டாம், ஒடித்த காய் வீண். காயின் கீழ்ப்பகுதியை இரு விரலால் லேசாக அழுத்தினால் வளைந்து கொடுக்க வேண்டும். கையால் முறுக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டவும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் சுணை அரிக்காது. பறித்த கணுவுக்குக் கீழே உள்ள வயதான இலையையும் எடுத்துவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். நரம்பு மஞ்சளாகப் பின்னிய இலை தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ், அந்தச் செடியை அன்றைக்கே பிடுங்குங்கள்.

கத்தரி: தோல் பளபளப்பாக இருக்கும்போதே. மினுமினுப்பு மங்கினால் உள்ளே விதை பழுத்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக எழ வேண்டும். பறிக்கும்போதே கொழுந்துகளைப் பார்க்கவும். ஒரு கிளையின் நுனி மட்டும் தொங்கியிருந்தால் உள்ளே தண்டுத்துளைப்பான் புழு. வாடிய இடத்திலிருந்து இரண்டு அங்குலம் கீழே வெட்டிப் பிளந்து பாருங்கள். புழு கிடைக்காவிட்டால் இன்னும் கீழே வெட்ட வேண்டும். இதைத் தினமும் செய்பவருக்குச் சொத்தைக் காய் வெகுவாகக் குறையும்.

கொத்தவரை நான்கு நாளுக்கு ஒருமுறை, விதை புடைக்கும் முன். தட்டைப்பயறு விரல் தடிமனில். கொத்தில் கறுப்பு அசுவினி அப்பியிருந்தால் கொத்தோடு கிள்ளுங்கள். எறும்பு ஏறுகிற இடமே அதற்கு அடையாளம்.

பாகல்: முள் கூராகவும் பச்சையாகவும் இருக்கையில். முள் தட்டையாகி நிறம் வெளுத்தால் அடுத்த நாள் பழுத்து வெடிக்கும். பீர்க்கு, சுரை: நகம் லேசாகப் பதிய வேண்டும். சுரைக்குத் தோலில் மெல்லிய முடி இருந்தால் பிஞ்சு. புடலையின் நுனியில் கல் கட்டுவது நீளத்துக்காக அல்ல, சுருளாமல் நேராக வளர.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சுரைக்காயையும் வெள்ளரியையும் சமைக்கும் முன் நுனியில் ஒரு துணுக்கு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். கொடி தண்ணீர்க் குறையில் தவித்தாலும், தானாக முளைத்த விதையில் வந்தாலும் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு ஏறக்கூடும். வேக வைத்தாலும் போகாது. கசப்புச் சுரைச்சாறு குடித்து உயிர்போனவர்கள் இந்தியாவில் உண்டு.

வைத்திருப்பது: வெண்டையைக் கழுவாமல் துணிப்பையில். ஃபிரிட்ஜின் குளிர்ந்த தட்டில் வெண்டை, கத்தரி, வெள்ளரி மூன்றுமே குழிவிழுந்து கறுக்கும், காய்கறி டிராயரே போதும். மிளகாயைக் காம்போடு பறித்து, டப்பாவில் வைக்கும்போது காம்பைக் கிள்ளிவிடலாம்.

புதுப்பை | மே 11, காலை 8.15

அருமை அக்கா. ஒரு வாரம் ஊருக்குப் போகணும். சொட்டுநீர் கிட் வாங்கி டைமர் வெச்சா போதுமா? தொட்டி மாடியிலேயே 4 அடி ஸ்டாண்டுல இருக்கு.

சொட்டுநீர் | மே 11, பகல் 1.10

4 அடி உயரத்துக்கு அழுத்தம் 0.12 பார் (bar, அழுத்த அலகு) மட்டுமே கிடைக்கும். "அழுத்தம் சமன்செய்யும்" வகை சொட்டுவானை (dripper) வாங்கினால் திறக்கவே திறக்காது, கடைக்காரர் அதைத்தான் உசத்தி என்று கொடுப்பார். திருகிக் கூட்டிக் குறைக்கும் சாதாரண வகை வாங்குங்கள். டைமர் வால்வும் அழுத்தம் இல்லாமலே இயங்கும் பந்து வால்வு வகையாக இருக்க வேண்டும். தொட்டி வாயில் வடிகட்டி இல்லாவிட்டால் போர் உப்பும் பாசியும் மூன்றே நாளில் துளையை அடைக்கும். 16 மிமீ குழாயைத் தரையில் வெயில்பட விடாமல் பைகளின் நிழலில் ஓட்டுங்கள். நேரத்தை விடியற்காலை 5 மணிக்கு வையுங்கள். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பே ஓட்டி, ஒவ்வொரு சொட்டுவானுக்கும் அடியில் டம்ளர் வைத்து அளந்து பார்த்துவிட்டுப் போங்கள். முற்றத் தயாரான காயை எல்லாம் பறித்து, பூவும் பாதி கிள்ளிவிட்டால் தண்ணீர்த் தேவை குறையும்.

வெயில்கால_தக்காளி | மே 12, காலை 7.45

தக்காளியைப் பிடுங்கிட்டேன். வேர் எல்லாம் முண்டு முண்டா இருக்கு. அந்த மண்ணை ஆடிக்குப் பயன்படுத்தலாமா?

கரிசல்மண் | மே 12, மாலை 5.50

வேர்முடிச்சு நூற்புழு. பயறுச் செடியின் வேர்முண்டைத் தேய்த்தால் உதிர்ந்துவிடும், இது வேரோடு வேராக வீங்கியிருக்கும். வேரை எல்லாம் பொறுக்கி எரித்துவிடுங்கள். மண்ணைத் தளத்தில் அரை அடி கனத்துக்குப் பரப்பி, பிசைந்தால் பிடிபடுகிற ஈரத்துக்கு நனைத்து, கண்ணாடிபோன்ற மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் காற்றுப் புகாமல் செங்கல் வையுங்கள். கறுப்புத் தாள் அவ்வளவு சூடேற்றாது. காய்ந்த மண்ணிலும் பலிக்காது, ஈரம்தான் சூட்டை உள்ளே கொண்டுபோகும். நான்கிலிருந்து ஆறு வாரம், அதாவது ஜூன் கடைசிவரை. இந்த வேலைக்குக் கத்திரி வெயிலைவிட நல்ல காலம் கிடையாது.

எடுத்தபின் நன்மை செய்யும் நுண்ணுயிரும் செத்திருக்கும். பைக்கு 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கு, இரண்டு கை மண்புழு உரம் கலந்து பத்து நாள் ஈரமாக வைத்திருந்துவிட்டு விதையுங்கள். அந்தப் பையில் முதல் போகம் வெண்டையோ கத்தரியோ வேண்டாம், அவையும் இந்தப் புழுவுக்குப் பிடித்தவை. துலுக்கச் சாமந்தி போடுங்கள்.

மாடிப்பந்தல் | மே 12, இரவு 8.00

ஆடிப் பட்டத்துக்கான விதைப் பட்டியலுக்குத் தனி இழை ஜூன் கடைசியில் திறக்கிறேன். கேள்வி கேட்பவர்கள் இலையின் மேல்புறம் மட்டும் படம் போடாமல் அடிப்புறமும் போடுங்கள். காரமிளகாய், உங்கள் படத்தில் அதுதான் இல்லை.